மோர் உப்பில் அமிலம் சேர்த்தது யார்? ஆய்வகப் பணியாளர்களும் நாமும்

#1 நுண்துளி

வணக்கம். ஒரு பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. அதைச் சொல்லி உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). மோர் உப்புக் கரைசலை (குடிக்கும் மோர் இல்லை, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் என்னும் இரும்பு உப்பு) பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடும் அடியில் திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) பெர்மாங்கனேட்டை விட்டு, முதல் இளஞ்சிவப்பில் நிறுத்த வேண்டும். எளிய பயிற்சிதான். காலை பேட்சுக்கு 19.5 மில்லி வாக்கில் பெர்மாங்கனேட் ஆனது. மதிய பேட்சுக்கு 19.1, 18.9, 18.7 என்று இறங்கிக்கொண்டே போனது. இரண்டு அளவுகள்கூட ஒத்து வரவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், வெளிர்பச்சையாகத் தெளிந்திருக்க வேண்டிய கரைசல் மஞ்சளாகக் கலங்கி, அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணா அன்று விடுப்பில் இருந்தார். வேறு துறையிலிருந்து அனுப்பிய தற்காலிகப் பணியாளர் ஒருவர்தான் கரைசல் செய்திருந்தார். 30 பேர் முன்னால் அவரிடம் சத்தமாகக் கேட்டுவிட்டேன்: "ஒரு கரைசல்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதா?" அவர் கையில் ஒரு தாள். நான் கொடுத்த செய்முறைத் தாள். அதை நீட்டி, "இதில் இருந்தபடிதான் போட்டேன் மேடம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். லிட்டருக்கு 39.2 கிராம் மோர் உப்பு, வாலைவடி நீர். அவ்வளவுதான் இருந்தது. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை. இரும்புக் கரைசலில் அமிலம் இல்லாவிட்டால் காற்று பட்டே ஃபெரஸ் (பெர்மாங்கனேட்டோடு வினைபுரியும் இரும்பு) ஃபெரிக்காக (வினைபுரியாத இரும்பு) மாறிப்போய்விடும் என்பதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் துறையில் வழிவழியாக நகல் எடுத்துவரும் அந்தத் தாளை ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

அண்ணா திரும்பி வந்ததும் கேட்டேன். மேசை டிராயரிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து மருத்துவ பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. மோர் உப்புப் பக்கத்தில் சிவப்பு மையில், "அமிலம் முதலில். உப்பு பிறகு. தாளில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே தேதி. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வருடம் அது.

அதாவது இத்தனை வருடமாக இந்தப் பயிற்சி சரியாக நடந்ததே அவர் கைப்பக்குவத்தால்தான். தாள் தப்பாகவே இருந்திருக்கிறது. யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொல்ல இடம் இருந்ததில்லை.

அடுத்த வாரம் துறைக் கூட்டம் இருக்கிறது. இதை எப்படி முன்வைக்கலாம்? அவர்கள் செய்வது கற்பித்தலின் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏட்டில் அவர்கள் "ஆசிரியரல்லாத பணியாளர்கள்". உங்கள் கல்லூரிகளில் எப்படி நடக்கிறது?


#2 பியூரெட்50

மேடம், நான் ஆய்வக உதவியாளன். இந்த வேலையில் 19 வருடம். முதலில் உங்களுக்கு நன்றி. தப்பு தாளில் இருந்தது என்று இங்கே வந்து எழுதியதற்கு.

அந்தத் தற்காலிகப் பணியாளர் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். மாணவர்கள் முன்னால் ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த பேட்ச் நம் பேச்சைக் கேட்காது. "கையுறை போடு" என்றால்கூட ஆசிரியர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் அது வலிக்கிறது. மானம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

கால அட்டவணையில் செய்முறை வகுப்பு என்று மூன்று மணி நேரம் போட்டிருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் சொன்ன அதே பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். 30 பேர், தலைக்கு 150 மில்லி பெர்மாங்கனேட் என்றால் நாலரை லிட்டர். இரண்டு பேட்ச் என்றால் ஒன்பது. லிட்டருக்கு 3.16 கிராம் எடைபோட்டுக் கரைத்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே வைக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் அழுக்கு பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் தின்னும், பழுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு அடியில் இறங்கும். அதைக் கண்ணாடிக் கம்பளியில் வடிகட்ட வேண்டும். வடிதாளில் வடிகட்டினால் தாளே பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும். அப்புறம் பழுப்பு பாட்டில். அப்புறம் தரம்பார்த்து லேபிள். இதில் எந்தப் படியைத் தாண்டினாலும் மாணவனுக்கு அளவு ஒத்துவராது. அவன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

வகுப்பு முடிந்த பிறகு 30 பியூரெட்டையும் கழுவ வேண்டும். பெர்மாங்கனேட் நின்ற பியூரெட்டில் பழுப்புக் கறை பிடித்திருக்கும். ஆக்சாலிக் அமிலமும் கொஞ்சம் நீர்த்த அமிலமும் ஊற்றினால்தான் போகும். குழாயின் நுனி (ஜெட்) அடைத்திருக்கிறதா, திருகு கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இண்டென்ட்டை (என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை) மூன்று நாள் முன்னால் கொடுங்கள். முந்தின நாள் மாலை நாலரை மணிக்கு "நாளைக்கு இதை வைத்துவிடுங்கள்" என்று சொல்லும்போது, மேலே சொன்னதில் எதை விடச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.


#3 வேர்முனை

தாவரவியல் துறையிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது மூன்று நாள். எங்களுக்கு உயிர் சொல்லும் நேரம்தான் நேரம்.

வெங்காய வேர்முனையில் செல்பிரிதல் காட்ட வேண்டும் என்றால், வெங்காயத்தைத் தண்ணீர் மேல் வைத்து வேர் வரவே மூன்று நாலு நாள் ஆகும். செல்பிரிதல் மும்முரமாக இருக்கும் காலை வேளையில் வேரை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் போட வேண்டும். ஒருநாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மாணவி நுண்ணோக்கியில் குனிந்து "மேடம், மெட்டாஃபேஸ் தெரிகிறது" என்று செல்பிரிதலின் ஒரு கட்டத்தைச் சொல்கிறாளே, அந்த ஒரு நொடி ஒரு வாரத்துக்கு முன்னால் யாரோ காலையில் சீக்கிரம் வந்ததால் கிடைத்தது.

பக்கத்துத் துறையில் பழ ஈ வளர்க்கிறார்கள். முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் பத்து நாள். கலப்புப் பரிசோதனைக்குக் கன்னிப் பெண் ஈக்கள் வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், விட்டால் இணைசேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்று ஈக்குத் தெரியுமா? அந்த ஆய்வக உதவியாளர் அக்கா விடுமுறை நாளிலும் வந்து பிரித்துவைத்துவிட்டுப் போவார். பணிப் பதிவேட்டில் அந்த மணி நேரம் எங்கேயும் இல்லை. இல்லாத மணி நேரத்துக்கு ஈடுசெய்யும் விடுப்பும் கிடையாது.

நுண்ணுயிரியலில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் அப்படித்தான். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் சூடேற அரை மணி, அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்க இன்னொரு அரை மணிக்கு மேல். அவசரப்பட்டுத் திறந்தால் பாட்டிலில் இருக்கும் அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) கொதித்துப் பொங்கும், ஆளும் வெந்துபோவார். "15 நிமிட வேலைதானே" என்று ஒரு ஆசிரியர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நுண்துளி, கூட்டத்தில் முதலில் நேரத்தைக் கேளுங்கள். ஒரு செய்முறை வகுப்புக்கு முன்னேற்பாடு எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் எழுதி வையுங்கள். பணிச்சுமையைக் கணக்குப்போடும்போது அது தெரிய வேண்டும்.


#4 முப்பட்டகம்

இயற்பியல். ஓய்வுபெற்றுவிட்டேன். கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வகப் பணியாளர் செய்வதும் கற்பித்தல்தான் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசியுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில், வருகைப்பதிவு எடுத்துவிட்டு "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஓய்வறைக்குப் போய்விட்ட ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரமும் அந்த மனிதர்தான் வகுப்பு நடத்துவார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து ஆசிரியருடையது. விபத்து நடந்தால் விளக்கக் கடிதம் மட்டும் அந்தப் பணியாளரிடம் கேட்பார்கள். பெயர் இல்லாமல், சம்பளம் இல்லாமல், பயிற்சி இல்லாமல் ஒருவரை வாத்தியாராக்குவது மரியாதை ஆகாது. அது சுரண்டல்.

இன்னொன்று. பணியாளர் நல்ல மனதோடு செய்வதே சில சமயம் படிப்பைக் கெடுத்துவிடும். பட்டகத்தில் ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியைத் தூரப் பொருளுக்குக் குவியப்படுத்துவது, கோலிமேட்டரை (ஒளியை இணைக்கதிராக்கும் குழாய்) சரிசெய்வது, பட்டகமேசையை மூன்று திருகாலும் மட்டப்படுத்துவது, இதெல்லாம்தான் அந்தப் பயிற்சியின் பாதி உயிர். எங்கள் உதவியாளர் வகுப்புக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சரிசெய்து, சோடியம் விளக்கையும் போட்டு வைத்துவிடுவார். மாணவன் வந்து குறுக்குக் கம்பியை மஞ்சள் கோட்டில் வைத்து வெர்னியரைப் படிப்பான். கோணம் கச்சிதமாக வரும். தேர்வில் திருகு கலைந்த கருவியைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பான். எனக்கு இது புரிய பல வருடம் ஆனது. அதற்குப் பிறகு அவரும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். விளக்கு அவர் போடுவார், ஏனென்றால் அது சூடாகி முழு வெளிச்சம் வரப் பத்து நிமிடம் பிடிக்கும். திருகுகளை அவரே வகுப்புக்கு முன்னால் கலைத்துவைப்பார்.

எதை அவர் முடித்துவைப்பது, எதை மாணவனுக்கு விடுவது என்று ஆசிரியரும் பணியாளரும் சேர்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு எந்தக் கல்லூரியிலும் கால அட்டவணையில் இல்லை. நுண்துளி அவர்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.


#5 பியூரெட்50

முப்பட்டகம் ஐயா சொன்ன முதல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கே நடந்திருக்கிறது. ஒரு செமஸ்டர் முழுக்க உப்புப் பகுப்பாய்வு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மகிழ்ச்சியாகத்தான் செய்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு மாணவி தப்பாகப் பதில் சொன்னபோது "யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்கள். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

மாணவர்கள் கேட்டால் சொல்லித்தருவேன். வகுப்பை என் தலையில் கட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவே கோடு இருக்கிறது, அதை யாராவது ஆசிரியர்தான் போட வேண்டும்.


#6 மூன்றாமாண்டு

நான் மாணவன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா தெரியவில்லை.

முதல் ஆண்டில் எனக்கு டைட்ரேஷன் சுத்தமாக வராது. ஆசிரியர் சொல்லித்தந்தது புரிந்தது, கைதான் ஒத்துழைக்கவில்லை. எங்கள் ஆய்வக அண்ணா ஒருநாள் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் என் இடதுகையை எடுத்துத் திருகைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வைத்தார், கட்டைவிரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கம். வலதுகையில் ஃபிளாஸ்க். "திருகை உள்ளே இழுத்தே பிடி, வெளியே தள்ளினால் கசியும்" என்றார். பிறகு ஃபிளாஸ்க் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். கடைசியில் அரைச் சொட்டு விடுவது எப்படி என்று காட்டினார்: திருகை லேசாகத் திறந்து, சொட்டு நுனியிலேயே தொங்கும்போது மூடி, ஃபிளாஸ்க்கின் உள்சுவரில் அதைத் தொட்டு எடுத்து, வாலைவடி நீரால் கழுவிவிடுவது. பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதாவாக இருப்பதால் திரவ மட்டத்தின் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்றைக்கு என் மூன்று அளவும் ஒன்றாக வந்தன.

அவருடைய முழுப் பெயர் எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. துறையின் அறிவிப்புப் பலகையில் ஆசிரியர்கள் பெயரும் படமும் பட்டமும் இருக்கும். அவர் பெயர் இருக்காது.


#7 முப்பட்டகம்

தம்பி, நீங்கள்தான் இந்த இழையில் எழுத வேண்டிய முதல் ஆள். அந்த அரைச் சொட்டை எந்தப் பாடநூலும் விரலில் வைத்துச் சொல்லித்தராது.


#8 சரக்கறை

வேதிப்பொருள் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். எல்லாரும் கரைசல் பற்றிப் பேசுகிறீர்கள், பாட்டில் பற்றியும் பேச வேண்டும்.

நான் பொறுப்பேற்றபோது முன்னவர் ஸ்டாக் ரெஜிஸ்டரையும் சாவியையும் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இருப்பு ரெஜிஸ்டர்படி சரி என்று கையெழுத்தும் போட்டாயிற்று. மூன்றாவது வாரம் மேல்தட்டின் பின்வரிசையில் பிக்ரிக் அமிலம் கண்ணில் பட்டது. அதை எப்போதும் தண்ணீரில் நனைத்தே வைத்திருக்க வேண்டும். இந்த பாட்டிலில் மஞ்சள் படிகம் காய்ந்து மூடியின் மரை வரைக்கும் ஏறியிருந்தது. காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிபொருள். மூடியைத் திருகும் உராய்வே போதும். நான் தொடவில்லை, அறையைப் பூட்டிவிட்டு மேலே தகவல் சொன்னேன். விவரம் தெரிந்தவர்கள் வந்து எடுத்துப்போக ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும், "ஒரு பாட்டிலுக்காக ஸ்டோரையே மூடிவைத்தால் பிராக்டிகல் எப்படி நடக்கும்?" என்ற கேள்விதான் தினமும் என் காதில் விழுந்தது.

எனக்கு அது தெரிந்திருந்தது தற்செயல். வேலையில் சேர்ந்தபோது யாரும் பயிற்சி தரவில்லை. நானாகத் தேடிப் படித்தேன். ஈத்தர் பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுத வேண்டும், காற்று பட்டு நாளானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும் என்பதும் அப்படிப் படித்ததுதான். அமிலத்தையும் சயனைடையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, அகரவரிசையில் அடுக்குவது அழகாக இருந்தாலும் ஆபத்து, இதெல்லாம் யாராவது வேலையில் சேரும் முதல் நாளில் சொல்லியிருக்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். நச்சு உலோகங்களில் உலகறிந்த நிபுணர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்னும் கொடிய பாதரசச் சேர்மம் ஓரிரு சொட்டு அவர் கையுறை மேல் விழுந்தது. புகை உறிஞ்சிப் பெட்டியில், லேட்டக்ஸ் கையுறையோடு, எல்லாம் முறைப்படிதான் செய்தார். அடுத்த வருடம் ஜூன் மாதம் இறந்துபோனார். அந்தக் கையுறையை அந்தத் திரவம் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்று பிறகு சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படி என்றால், "கையுறை ஒரு பெட்டி" என்று இண்டென்ட் எழுதி, எந்த வேதிப்பொருளுக்கு எந்தக் கையுறை என்று கேட்காமல் வாங்கித்தருவது எவ்வளவு பெரிய அசட்டை.

நுண்துளி மேடம், கொள்முதல் பட்டியல் தயாரிக்கும் கூட்டத்தில் ஸ்டோர் ஆளையும் உட்கார வையுங்கள். ஏற்கெனவே அலமாரியில் நாலு பாட்டில் இருப்பது எனக்குத்தான் தெரியும்.


#9 வடிதாள்

முனைவர் பட்ட ஆய்வு மாணவி. இங்கே யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது: ஆய்வுக் கட்டுரையில் பெயர்.

என் ஆய்வுக்கான வெற்றிடக் குழாயமைப்பை ஊதிச் செய்து கொடுத்தவர் எங்கள் கண்ணாடி ஊதுநர். மூன்று முறை விரிசல் விட்டது. மூன்றாவது முறை, இணைப்பின் தடிமனை மாற்றினால் நிற்கும் என்று அவர்தான் சொன்னார், நின்றது. அந்த வடிவமைப்பு இல்லாமல் என் முடிவுகளே இல்லை. கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதினேன். "துறைக்கு நன்றி என்று போட்டால் போதாதா?" என்று கேட்டார்கள்.

இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும், கதிரியக்கத்தில் வெளிவரும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்தான் என்று 1909-இல் உறுதிசெய்ததை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆல்ஃபா துகள் வெளியே வர வேண்டும், வாயு வரக் கூடாது. அதற்கு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் கண்ணாடிக் குழாய் வேண்டும். அதை ஊதித் தந்தவர் ஓட்டோ பாம்பாக். அவர் கை இல்லாவிட்டால் அந்தச் சோதனை காகிதத்தில்தான் இருந்திருக்கும். ரூதர்ஃபோர்டு கட்டுரையிலேயே அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

விஞ்ஞானி ஃபாரடேயும் 1813-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளராகத்தான் சேர்ந்தார், அதற்கு முன்னால் புத்தகம் பைண்டு செய்துகொண்டிருந்தவர். அவருக்கே பிற்காலத்தில் ஓர் உதவியாளர் இருந்தார், சார்ல்ஸ் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். கண்ணாடி உருக்கும் உலையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ஏறத்தாழ 40 வருடம் கூடவே இருந்தார். ஃபாரடேயைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு ஆண்டர்சனைத் தெரியும்?

என்னை மிகவும் வருத்துவது விவியன் தாமஸ். இதயக் கோளாறோடு நீலம்பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து பார்த்துப் பக்குவப்படுத்தியவர். 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் அறுவை நடந்தபோது, கத்தி பிடித்த டாக்டர் பிளலாக்குக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கறுப்பினத்தவர், பட்டப்படிப்பு இல்லாதவர். தொடக்க காலத்தில் சம்பளப் பட்டியலில் அவரைத் துப்புரவுப் பணியாளர் என்று எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது 1976-இல். 32 வருடம் கழித்து.

முப்பட்டகம் ஐயா, பதவியின் பெயர் சும்மா ஒரு பெயர் இல்லை. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் ஓய்வூதியம், அதற்குத்தான் மரியாதை. பிரிட்டனில் 2017-இல் டெக்னீஷியன் கமிட்மெண்ட் என்று ஒன்றைத் தொடங்கி, பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன: தொழில்நுட்பப் பணியாளர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அங்கீகாரம் வேண்டும், பதவி வளர்ச்சி வேண்டும், அந்தத் திறமை அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர வேண்டும் என்று. நம் துறைக் கூட்டங்களிலும் இந்த நாலையும் கேட்கலாமே.


#10 முப்பட்டகம்

வடிதாள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பயந்தது வேலையை ஏற்றிவிட்டுப் பெயரை மட்டும் இனிப்பாக வைப்பதற்கு. ஏடும் மாறினால் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் உதவியாளர் 31 வருடம் வேலை பார்த்தார். சேர்ந்த பதவியிலிருந்து ஒரே ஒரு படி மேலே போய் ஓய்வுபெற்றார். கருவிகளைப் பழுதுபார்ப்பதில் அவருக்குச் சமமாக எங்கள் துறையில் ஒரு பேராசிரியரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். அவர் போனபின் நாலு கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்தை அளக்கும் கருவி) அலமாரியில் கிடக்கின்றன. தொங்கும் கம்பி அறுந்தால் கட்டத் தெரிந்தவர் இல்லை. அவர் இருந்தபோதே ஓர் இளைஞரை அவர் பக்கத்தில் ஓராண்டு உட்கார வைத்திருக்க வேண்டும். நான் துறைத் தலைவராக இருந்த காலம் அது. நான் செய்யவில்லை.


#11 வேர்முனை

நோட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த அண்ணாவின் நோட்டை வாங்கி, யாரோ தட்டச்சு செய்து, "துறைக் கையேடு" என்று ஒரு ஆசிரியர் பெயரில் வெளியிட்டுவிடாதீர்கள். அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். அவர் சம்மதம் முதலில்.


#12 நுண்துளி

எல்லாருக்கும் நன்றி. கூட்டம் நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆய்வக உதவியாளர்களும் ஸ்டோர் பொறுப்பாளரும் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "வழக்கம் இல்லையே" என்றார்கள். ஒருமுறை வரட்டும் என்று துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார். அண்ணா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் உப்புத் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு ஒரு மூத்த பேராசிரியர் அவரைப் பார்த்து, "வேறு எந்தத் தாளிலாவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார்.

அண்ணா நோட்டைத் திறந்தார். பதினொரு இடம் சொன்னார். ஒரு தாளில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கண்ணாடி மூடி பாட்டிலில் வைக்கச் சொல்லியிருக்கிறதாம், இரண்டு வாரத்தில் மூடி இறுகிப்போகும், ரப்பர் அடைப்பான்தான் போட வேண்டும். இன்னொன்றில் வெள்ளி நைட்ரேட்டைப் பழுப்பு பாட்டிலில் வைக்கச் சொல்லவே இல்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவானவை: இண்டென்ட் மூன்று வேலை நாளுக்கு முன்னால். ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் முன்னேற்பாட்டு நேரம் எழுதப்படும், அதைப் பணியாளர்களே எழுதுவார்கள். செமஸ்டர் தொடங்கும் முன் ஒருநாள் ஆசிரியரும் பணியாளரும் சேர்ந்து எல்லாப் பயிற்சியையும் செய்து பார்ப்பார்கள், எதை முடித்துவைப்பது எதை மாணவருக்கு விடுவது என்று அங்கேயே பேசுவார்கள். முப்பட்டகம் ஐயா, இது உங்கள் யோசனை. கொள்முதல் பட்டியலில் ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் எதுவும் போகாது. ஆசிரியர் அறையை விட்டுப் போனால் வகுப்பு நிற்கும் என்பதையும் எழுத்தில் வைத்திருக்கிறோம், அதற்கு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

பதவி உயர்வும் பதவிப் பெயரும் துறையின் கையில் இல்லை. பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவானது. வரைவு நான் எழுதுகிறேன். வடிதாள் சொன்ன நாலு அம்சமும் அதில் இருக்கும்.

நோட்டு பற்றி அண்ணாவிடம் தனியாகக் கேட்டேன். "பெயர் போடுவீர்களா?" என்று கேட்டார். போடுவோம் என்றேன். "அப்படியானால் வீட்டில் இன்னொரு நோட்டும் இருக்கிறது" என்றார்.

அந்தத் தற்காலிகப் பணியாளரை இன்று மதியம் அதே பேட்ச் வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தேன். 30 பேர் முன்னால் கேட்டேனே, அதே 30 பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, "பரவாயில்லை மேடம், விடுங்கள்" என்று வாசலைப் பார்த்தார். பிறகு, இரும்புக் கரைசலில் அமிலம் ஏன் முதலில் போக வேண்டும் என்று அவரும் மாணவர்களும் சேர்ந்தே கேட்டார்கள், அண்ணாவே விளக்கினார். நான் பின்வரிசையில் நின்று கேட்டேன்.


#13 மூன்றாமாண்டு

மேடம், எங்கள் அறிவிப்புப் பலகையில் பெயர் சேர்க்கச் சொல்லி நாங்கள் மாணவர்கள் ஒரு கடிதம் கொடுக்கிறோம். 42 பேர் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். யாரிடம் கொடுக்க வேண்டும்?


#14 நுண்துளி

துறைத் தலைவரிடம் கொடுங்கள் தம்பி. நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.


#15 பியூரெட்50

மேடம், மூன்று முறை படித்துவிட்டேன். இந்த இழையை அச்செடுத்து எங்கள் துறைத் தலைவரிடம் கொடுக்கப் போகிறேன்.

தாள்களைத் திருத்தும்போது அண்ணாவிடம் அயோடினை நீலமாகக் காட்டும் ஸ்டார்ச் கரைசல் பற்றியும் கேளுங்கள். ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்துவைக்கச் சொல்லிப் பல கல்லூரித் தாள்களில் இருக்கிறது. இரண்டாவது நாளே பூஞ்சை வந்துவிடும், அயோடினோடு நீலம் சரியாக வராது. அன்றன்று காலையில் செய்ய வேண்டும், 20 நிமிட வேலை. அந்த 20 நிமிடத்தையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.